தொண்ணூற்றேழு காட்டிய கை

1

போன மாதம் என் ஆபீசில் எனக்கு ஒரு கண்ணாடிக் கட்டி பரிசளித்தார்கள். ஒஹாயோவில் ஒரே இடத்தில் பத்து வருடம் குப்பை கொட்டியதற்கு. அதில் என் பெயரைச் செதுக்கியிருந்தார்கள், ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு. திருத்தித் தரச் சொல்லிப் படிவம் நிரப்பினேன். படிவமும் அதே தப்புப் பெயரோடுதான் அச்சாகி வந்தது. சரிதான் போங்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது அது சமையலறை ஜன்னலில், கொத்தமல்லித் தொட்டி சாயாமல் முட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கிறது.

அந்தப் பரிசளிப்பின்போதுதான், கோலார் தங்கவயலில், கோரமண்டல் பகுதியில் தனியாக இருக்கும் என் அப்பாவை ஆறு வாரமாக நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகவிட்டுக் கொண்டிருந்தது எனக்குத் தெரியவந்தது. நாற்பது பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் எல்லோருக்கும் நான் 'அமெரிக்காவில் நர்ஸ்'. கோலாரில் படித்துவிட்டுப் போன பெண், ஆப்பரேஷன் தியேட்டரில் கலக்கிக்கொண்டிருக்கிறாள் என்று ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் பேச்சு. நான் ஊசியைத் தொட்டு எட்டு வருடம் ஆகிறது. எனக்கு ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒரு திரை. காலையிலிருந்து மாலைவரை போன் பேசுகிறேன்.

விளக்கினால்தான் புரியும். இங்கே ஆஸ்பத்திரிகள் வெகுகாலம் ஊசிக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பழகியவை. நோயாளி எத்தனை தடவை திரும்பி வருகிறாரோ அத்தனை வரும்படி. இப்போது சில இடங்களில் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஆள் தேறினால்தான் பணம். வீட்டுக்குப் போனவர் முப்பது நாளுக்குள் மூச்சிரைத்துக்கொண்டு திரும்பி வந்தால் பணத்தில் வெட்டு. வேல்யூ பேஸ்டு கேர் என்று இதற்குப் பெயர். அந்த வெட்டு விழாமல் காப்பது என் உத்தியோகம். என் மேலாளன் க்ரெக், வாழ்க்கையில் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தவன் இல்லை. அவன் திரையில் ஆட்கள் பச்சை, மஞ்சள், சிவப்பாக இருப்பார்கள். காலையில் வந்ததும், "நம் சிவப்புகள் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்பான். அவனை எனக்குப் பிடிக்காது.

2

ஆனால் ஹெலனைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது அயோக்கியத்தனம்.

ஹெலன் என்பவர் லாரி ஓட்டுநர் ஒருவரின் விதவை. எழுபத்தெட்டு வயது. இதயம் பலவீனம். உடம்பில் நீர் சேரும், மூச்சு முட்டும், ஆம்புலன்ஸ் வரும். நீர் சேர்ந்தால் எடை ஏறும் என்பதால் தினமும் காலையில் நான் அவரைக் கூப்பிட்டு எடை கேட்பேன். "நூற்று நாற்பத்திரண்டு, டார்லிங்," என்பார். பவுண்டில். மறுநாளும் நூற்று நாற்பத்திரண்டு. பதினோரு நாளும் அதே எண். பன்னிரண்டாம் நாள் ஆம்புலன்ஸ்.

மூன்றாவது தடவை இப்படி நடந்ததும், வெட்டுக்குப் பயந்து க்ரெக் ஒரு நர்ஸை அவர் வீட்டுக்கே அனுப்பினான். எடை மெஷினில் பேட்டரி தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தது. கடைசியாகப் பார்த்த எண்ணையே அந்த அம்மாள் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பெண் அவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாள், இல்லை என்று எப்படிச் சொல்வது?" என்றாராம். அலமாரி முழுக்க டப்பா சூப், முழுக்க உப்பு. பேட்டரி போட்டார்கள். உப்பில்லாத சாப்பாடு வாரம் இரண்டு தடவை வீட்டுக்கு வர எங்கள் செலவிலேயே ஏற்பாடு செய்தார்கள். அதற்குப் பிறகு ஹெலன் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

பழைய முறையில் அவருடைய அலமாரியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் அவசியம் இருந்திருக்காது. பணம் போய்விடுமோ என்ற பயத்தில்தான் இங்கே அக்கறை பிறக்கிறது. எனக்கு அது எரிச்சல்தான். இருந்தாலும், வராத அக்கறைக்கு இது மேல். இந்தக் கதையைப் புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கெல்லாம் நான் சொல்வேன். எண்ணை நம்பாதே, ஆளைப் பார் என்று முடிப்பேன். அப்படி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு பாருங்கள்.

3

என் வேலையை அப்பாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் அவரே பிடித்துக்கொண்டார்.

"ஆளு படுக்காம இருந்தா உங்களுக்குக் கூலி. அதானே?"

"ஆமாம்ப்பா."

"நம்ம கம்பெனி மாதிரியே கீது. ஆளு நாளைக்குக் கேஜ்ல எறங்கணும். எறங்கினா டாக்டருக்கு நல்ல பேரு."

அப்பா இருபத்துமூன்று வருடம் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில் துளைபோட்டவர். கேஜ் என்பது ஆட்களை அடைத்துக் கீழே இறக்கும் இரும்புப் பெட்டி. இடது கைச் சுண்டுவிரலை ஏதோ ஒரு லெவலில் கல்லுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். ஊரில் கிருஷ்ணன்கள் நிறைய. அதனால் இன்றைக்கும் மார்க்கெட்டில் அவர் நாலுவெரல் கிருஷ்ணன்தான். விரலை வெளியே விட்டு வந்தவர், கல்தூசியை உள்ளே வைத்துக்கொண்டு வந்தார். நுரையீரலில் அது கெட்டியாகி உட்கார்ந்துவிட்டது. அதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். குணமாகாது. பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இந்த நோயைக் கண்டுபிடிக்கத்தான் சுரங்கத்தில் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். புள்ளி தெரிந்தால் 'அன்ஃபிட்'. மேலே வேலை, சம்பளத்தில் அடி. ஆகவே எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நெஞ்சு கெட்டவன் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனைப் புதிதாகச் சேர்ந்த ஆளிடம் கொடுப்பான். அவன் போய், அந்த எண்ணில், தன் சுத்தமான நெஞ்சைக் காட்டிவிட்டு வருவான். அப்பா இருபத்திரண்டு வயதிலிருந்து, கோவிந்தன் என்பவருக்காக வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை அப்படிப் போய் நின்றார். டாக்டர் படத்தைப் பார்த்து, "வெரி குட் கோவிந்தன்" என்றதை நடித்துக்காட்டி எங்களைச் சிரிக்கவைப்பார். நான்காவது வருடம் என்ன ஆயிற்று என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ஆளு இல்ல," என்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

4

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் அப்பாவுக்கு மூச்சு முட்டிப்போனது. கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பக்கத்து வீட்டு முனிரத்தினம் மாமா ஆட்டோவில் போட்டு ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார். முனிரத்தினம் மாமாவும் சுரங்கத்து ஆள்தான். ஆனால் கேஜை மேலேயிருந்து இயக்கும் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். நெஞ்சில் தூசி கிடையாது.

நான் அடித்துப்பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். ஒன்பது நாள் அங்கே வைத்திருந்தார்கள். தினம் ரத்தம், தினம் எக்ஸ்ரே, இரண்டு ஸ்கேன். காலடியில் வந்து நின்றுவிட்டுப் போன டாக்டர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பில். இரண்டாவது ஸ்கேன் எதற்கு என்று கேட்டேன். "ரொட்டீன் மேடம்," என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. கிளம்பும்போது மருந்துப் பை ஒன்று கொடுத்தார்கள். அதில் வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலரும் இருந்தது. அதை எப்படி இழுப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குப் பில் போட முடியாதில்லையா? நானும் கேட்கவில்லை. பில்லோடு சண்டை போடுவதிலேயே என் லீவு தீர்ந்துபோயிற்று.

ஒஹாயோ திரும்பியதும், பெரிய புத்திசாலி மாதிரி, அப்பாவுக்கு ஒரு திட்டம் போட்டேன். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு மேஜைமேல் இடது கையை விரித்துவைத்து, ஆள்காட்டி விரலில் அதை மாட்டி, முனிரத்தினம் மாமா படம் எடுத்து அனுப்பவேண்டும். எனக்கு அது காலை ஏழரை மணி. காபி குடித்துக்கொண்டே எண்ணை அட்டவணையில் ஏற்றிவிட்டு, ஒரு போன்.

"நம்பர் பார்த்தேன்ப்பா. கால் வீக்கம் இருக்கா? மாத்திரை போட்டியா?"

"நல்லா கீறேன்மா."

"சரி, ஆபீசுக்கு நேரமாச்சு."

பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "தாத்தாகிட்டயும் ஆபீஸ் குரல்லதான் பேசற," என்றாள், ஆங்கிலத்தில். தாத்தாவிடம் 'ஹாய்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசத் தெரியாதவளுக்கு இதில் என்ன கருத்து வேண்டிக்கிடக்கிறது என்று அவள் வாயை அடைத்தேன்.

முதல் வாரம் தொண்ணூற்றொன்று, தொண்ணூறு, எண்பத்தொன்பது என்று வந்தது. கண்டிப்பாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். "இனிமே தொண்ணூறுக்குக் கீழ போச்சுன்னா மறுபடியும் அட்மிஷன்தான், சொல்லிட்டேன்," என்றேன். மறுநாள் தொண்ணூற்றாறு. அதற்கு மறுநாள் தொண்ணூற்றேழு. பிறகு ஆறு வாரம் தொண்ணூற்றேழுதான். படங்கள் மட்டும் கொஞ்சம் கோணலாக, ஆடிப்போய் வந்தன.

சிலிக்கோசிஸ் நெஞ்சு தொண்ணூற்றேழு காட்டாது. இருபது வருட நர்ஸுக்கு இது தெரியும். ஆனால் என் திட்டம் பலிக்கிறது என்று நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது. அட்டவணையில் அந்த வரிசையே பச்சையாக இருந்தது.

5

பரிசளிப்பு காலைச் சிற்றுண்டியோடு எட்டரை மணிக்கு. பரிசு வாங்குகிறவர் பத்து நிமிடம் பேசவேண்டும் என்பது இங்கே வழக்கம். தலைப்பை க்ரெக்கே கொடுத்துவிட்டான்: வேல்யூ பேஸ்டு கேரின் பயன்கள். "உன் சொந்தக் கதை ஏதாவது சேர்த்துக்கொள். எல்லோருக்கும் பிடிக்கும்," என்றான்.

சேர்த்தேன். மூடிப்போன தங்கச் சுரங்கம், நுரையீரல் கெட்ட தகப்பன், எட்டாயிரம் மைலுக்கு அப்பால் மகள். ஒரு சின்னக் கருவியும் தினம் ஒரு போனும் அவரை எப்படி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காப்பாற்றுகின்றன பாருங்கள் என்று, பச்சை வரிசையைக் காட்டினேன். அடுத்து, அன்று காலையில் வந்த படம். சுவர் அகலத்துக்கு விழுந்தது.

மேஜைமேல் ஒரு கை. ஆள்காட்டி விரலில் கருவி. சிவப்பில் தொண்ணூற்றேழு. அதற்குப் பக்கத்தில் நடுவிரல், மோதிர விரல், அதற்கும் பக்கத்தில் அழகாக நீட்டிக்கொண்டு ஒரு சுண்டுவிரல்.

இன்னொரு தடவை எண்ணினேன். ஐந்து.

நாலுவெரல் கிருஷ்ணனின் மகள் நான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். ஆறு வாரம், தினம் ஒரு படம், எண்ணைப் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை. பேச்சை நான் நிறுத்தவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஆகவே நண்பர்களே" என்று முடித்தேன். கைதட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். க்ரெக் என் கையில் கண்ணாடிக் கட்டியைத் திணித்தான்.

6

கட்டியோடு மாடிப்படிக்கு ஓடிவந்து அப்பாவைக் கூப்பிட்டேன். முனிரத்தினம் மாமாதான் எடுத்தார்.

"சொல்லுமா. இன்னா, அஞ்சு மணிக்கே பேசிட்டியே?"

"மாமா, உங்க இடது கையில எத்தனை விரல்?"

டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அஞ்சுமா," என்றார். "கோச்சுக்காத. நான் வேணாம்னுதான் சொன்னேன். உங்க அப்பன் கேட்டாதானே? போட்டோகூட அவர்தான் எடுக்கிறாரு."

"அவருக்கு எவ்வளவு காட்டுது?"

"இன்னிக்கு எம்பத்திநாலு. நேத்து எம்பத்தஞ்சு. பாத்ரூமுக்குப் போய்ட்டு வந்தா பத்து நிமிசம் பேச்சு வரல."

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். படிக்கட்டில் யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று பார்க்காமல் கத்தினேன். அவர் என்னைக் கத்தவிட்டார்.

"முடிச்சிட்டியா?" என்றார். "தொண்ணூறுக்குக் கீழ போனா அங்க தூக்கினு போவேன்னு சொன்னது யாரு?"

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்?"

"அன்ஃபிட்டுன்னு எழுதற டாக்டரும் அத்ததாம்மா சொல்வாரு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "கோவிந்தனுக்கு நான் போய் நின்னேன். எனக்கு முனிரத்தினம் வந்து நின்னான். கேக்கறவங்களுக்கு நம்பர் வேணும். குடுத்துட்டா சும்மா கீறாங்க."

அந்தக் கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி. என் அப்பாவுக்கு நான் கம்பெனி டாக்டர் ஆகியிருந்தேன். கோவிந்தனுக்கு நான்காவது வருடம் என்ன ஆயிற்று என்று எனக்கு இப்போது யாரும் சொல்லவேண்டியதில்லை.

ஹெலன் வீட்டுக்கு ஒருத்தி நேரில் போனாளே, அலமாரியைத் திறந்தாளே, அந்தப் பாதிதான் மருந்து. நான் அந்தப் பாதியை விட்டுவிட்டு, எண் கேட்டு மிரட்டுகிற பாதியை மட்டும் கோரமண்டலுக்கு ஏற்றுமதி செய்திருக்கிறேன்.

7

உடனே ஏன் விமானம் ஏறவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். லீவு ஜனவரியில்தான் மறுபடி சேரும். கேட்டுப் பார்த்தேன். "தகப்பனுக்கு உயிர் ஆபத்து என்பதற்கு டாக்டர் சான்றிதழ் இருக்கிறதா?" என்று ஒரு படிவம் வந்தது. அப்பாவோ பென்ஷனுக்காக வருடா வருடம் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுக்கிறவர். இரண்டையும் ஒரே ஆளுக்கு வாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்தப் படிவத்தை நான் நிரப்பவில்லை. நான் போகாததற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

அன்றைக்கே சரோஜா அக்காவைப் பிடித்தேன். ரிட்டையர் ஆன நர்ஸ். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் ஊசி, டிரெஸ்ஸிங் செய்கிறவர். அவரிடம், ஊசிக்கு இவ்வளவு, வந்து போனால் இவ்வளவு என்ற பேச்சு வேண்டாம், மாதத்துக்கு ஒரு தொகை என்றேன். அப்பா அந்த மாதம் முழுக்க வீட்டிலேயே சமாளித்தால் மேற்கொண்டும் கொஞ்சம்.

"இன்னாடி இது? ஆளு படுத்தாதானே எனக்கு வேல ஜாஸ்தி?"

"அதான் படுக்காம பார்த்துக்குங்க அக்கா."

"எத்தினி வாட்டி வரணும்?"

"உங்க இஷ்டம். எண் கம்மியா வந்தா உங்களுக்கும் குறைக்க மாட்டேன், அவரையும் திட்ட மாட்டேன். மறைச்சாதான் கோபம். நிஜமாவே முடியலன்னா அட்மிட் பண்ணிடுங்க. அதுக்காக மாசத் தொகை குறையாது."

"ஏதோ சொல்ற. ஊசி போட்டு காசு வாங்கினு போறதுதான் நம்ம தொழிலு. பாக்கலாம்," என்றார்.

மறுநாள் போனவர் வீடியோவில் வந்தார். எடுத்தவுடனே அப்பாவை இன்ஹேலரை இழுத்துக் காட்டச் சொன்னார். அப்பா அதை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கொசுவுக்கு அடிப்பதுபோல் இரண்டு அடி அடித்துவிட்டு, மூச்சை வெளியே விட்டார்.

"மருந்தெல்லாம் ரூமு குடிச்சிருக்கு. ஆளுக்கு ஒண்ணியும் போகல," என்றார் சரோஜா அக்கா.

அடுத்தது கட்டில். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சக்கை மண், சயனைடு மேடாக எங்கள் லைனுக்குப் பின்னால் மலைபோல் நிற்கிறது. காற்றடித்தால் மாவு மாதிரி பறக்கும். அதைப் பார்த்த ஜன்னலுக்கு நேர்கீழே அப்பா படுத்திருந்தார். மாரிகுப்பம் ரயில் அங்கிருந்துதான் தெரியும் என்று அவர் முரண்டு பிடித்தார். ரயில் எங்கேயும் போய்விடாது என்று சொல்லி, முனிரத்தினம் மாமாவும் அக்காவுமாகக் கட்டிலை உள்ளறைக்கு இழுத்துப் போட்டார்கள். ஒரு டாக்டரை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டி, அவர் எழுதிக்கொடுத்தபடி ஆக்ஸிஜன் மெஷினையும் வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒன்பது நாள், இரண்டு ஸ்கேன், அத்தனை டாக்டர்கள். ஒருவர்கூட அந்த மனிதர் மருந்தை எப்படி இழுக்கிறார் என்று பார்க்கவில்லை. பார்த்தால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை, பார்க்காவிட்டாலும் ஒன்றும் இல்லை. சரோஜா அக்காவுக்கு, அவர் வீட்டில் மூச்சோடு இருக்கவேண்டிய அவசியம் இருந்தது. ஆகவே க்ரெக்கின் அந்தத் தலைப்பைப் பற்றி என்னை யாராவது கேட்டால், பயன் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொள்வேன். ஆள் நேரில் போகவேண்டும், கெட்ட செய்தி சொன்னவனைத் தண்டிக்கக்கூடாது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் அதுவும் அந்த டோக்கன் வேலைதான்.

நேற்றுக் காலை ஏழரைக்குப் படம் வந்தது. கோணல் இல்லை, முனிரத்தினம் மாமா எடுத்தது. முதலில் விரல்களை எண்ணினேன். கட்டைவிரல், கருவி மாட்டிய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். அதற்கு அந்தப் பக்கம் மேஜையின் பலகை தெரிந்தது. அதன்பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். எண்பத்தொன்பது.

போன் செய்தேன். கால் வீக்கத்தைக் கேட்கவில்லை, மாத்திரையைக் கேட்கவில்லை.

"எப்படிப்பா இருக்க?"

மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நல்லா இல்லமா," என்றார்.

நான் ஊரைவிட்டு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இதை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. காபியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுப்பா," என்றேன்.